கல்லீரலில் கட்டி: வெட்டுவதா, சுடுவதா, மாற்றுவதா, மாத்திரையா?

"அப்பாவுக்கு லிவர்ல நாலு சென்டிமீட்டர் கட்டி. ஒரு டாக்டர் ஆபரேஷன் பண்ணிடலாம்கிறார். இன்னொருத்தர் தொடை வழியா மருந்து விடலாம்கிறார். சித்தப்பா, சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் லிவரையே மாத்திடலாம்னு நிக்கிறார். நாங்க யார் பேச்சைக் கேக்கறது சார்?"

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் கேட்டது. ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்தும் ஏறக்குறைய இதே கேள்விதான் வருகிறது. கட்டியின் அளவு மாறும், சித்தப்பாவுக்குப் பதில் மாமா இருப்பார், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், கட்டியை மட்டும் பார்த்தால் மூன்று பேர் சொல்வதும் சரி. எது பொருந்தும் என்பதைக் கட்டியைச் சுற்றியிருக்கிற கல்லீரல்தான் தீர்மானிக்கும்.

கல்லீரல் புற்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குப் பல வருடம் முன்பே கல்லீரல் கெட்டுப்போயிருக்கும். ஹெபடைடிஸ் பி அல்லது சி, குடி, சுகரோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் என்று ஏதோ ஒன்று அதைத் தழும்பாக்கிச் சுருக்கி வைத்திருக்கும். இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். கட்டி பின்னால் வந்து குடியேறுவது. ஆக ஒரே ஆளுக்கு இரண்டு நோய், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை இன்னொன்று தாங்க வேண்டும். சித்தப்பாக்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

நம் பக்கம் கடலை விளையும் பூமி என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் இந்தப் புற்றுக்கு நிரூபணமான ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு அது இரட்டை அடி. சொத்தைக் கடலையைப் பொறுக்கி, "எண்ணெய்க்கு ஆகும்" என்று தனியாக எடுத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

## முதலில், அது புற்றுதானா?

வயிற்று ஸ்கேனில் கட்டி தெரிந்த உடனே சிகிச்சையை ஒப்பிட ஆரம்பிப்பது அவசரம். ரத்தக்குழாய் முடிச்சு போன்ற, ஒன்றும் செய்யாத கட்டிகள் உண்டு. கள் குடிக்கிறவர்களிடம் அமீபா சீழ்க்கட்டியும் நம் ஊரில் சகஜம். அது மருந்திலேயே ஆறிவிடும், தேவைப்பட்டால் சீழை எடுப்பார்கள். குடல், வயிறு, மார்பகம் என்று வேறெங்கோ தொடங்கிய புற்று கல்லீரலுக்கு வந்திருந்தால் அதன் வைத்தியமே வேறு. இங்கே நான் பேசுவது கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் புற்றை மட்டும்.

இதை உறுதி செய்ய டிரிபிள் ஃபேஸ் சி.டி. அல்லது கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. வேண்டும். கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது: முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மிச்சம் தமனி வழியாக. புற்றுக்கட்டியோ ஏறக்குறைய முழுவதும் தமனி ரத்தத்தில் வளர்வது. அதனால் மருந்து ஏற்றியதும் எடுக்கும் முதல் படத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். சற்றுப் பொறுத்து எடுக்கும் படத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிடும். சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியில் இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் சதை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. "பயாப்சி பண்ணாமலே கேன்சர்ங்கிறாங்களே" என்று சந்தேகப்படுகிறவர்கள் நிறைய. சந்தேகம் நியாயம்தான், ஆனால் இந்த ஒரு புற்றில் அது முறையான நடைமுறை. படத்தில் அடையாளம் குழப்பமாக இருந்தாலோ, கல்லீரல் மற்றபடி நன்றாக இருந்தாலோ பயாப்சி செய்வார்கள்.

ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள். புற்று இருந்தும் அது சாதாரண அளவிலேயே நிற்பவர்கள் ஏராளம். அப்புறம், ஸ்கேன் அறிக்கையோடு படம் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது மருத்துவர் அறிக்கையைப் படிப்பதோடு நிறுத்த மாட்டார், படத்தைப் பார்க்க வேண்டும் என்பார். தட்டு கையில் இல்லையென்றால் அதே ஸ்கேனுக்கு மறுபடி பணம், மறுபடி கான்ட்ராஸ்ட் மருந்து, மறுபடி கிட்னிக்கு வேலை.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் கட்டி. எத்தனை, எவ்வளவு பெரியது, போர்ட்டல் சிரைக்குள் புகுந்திருக்கிறதா, நுரையீரலுக்கோ எலும்புக்கோ போயிருக்கிறதா.

அடுத்தது மிச்சக் கல்லீரல். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், புத்தித் தடுமாற்றம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். சைல்ட்-ப்யூ வகுப்பு என்று பெயர். ஏ என்றால் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. சி என்றால் மாற்று அறுவையைத் தவிர மற்றவை கட்டியை விட வேகமாக ஆளைச் சாய்த்துவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த எழுத்து இல்லையென்றால், "சைல்ட் கிளாஸ் என்ன சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நோயாளி வீட்டார் கேட்கக்கூடிய ஆக உருப்படியான கேள்வி அதுதான்.

மூன்றாவது, ஆள் எப்படி இருக்கிறார்: தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையா. நான்காவது பணமும் ஆளும். மருந்துச் செலவை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். கூட இருக்கும் அட்டெண்டரின் கூலி இழப்பை யாரும் எழுதி வைப்பதில்லை.

| வழி | யாருக்குப் பொருந்தும் | மருத்துவமனையில் | கணக்கில் வராதது |
|---|---|---|---|
| வெட்டி எடுத்தல் | ஒரே கட்டி, வகுப்பு ஏ | ஒரு வாரம் போல | திரும்ப வருகிறதா என்று வருடக்கணக்கில் ஸ்கேன் |
| சுடுதல் | 3 செ.மீ.க்குள், சிலவே | ஓரிரு நாள் | இரண்டாம் முறை தேவைப்படலாம் |
| மாற்று | கட்டி வரம்புக்குள், கல்லீரல் கெட்டது | வாரக்கணக்கில் | கொடையாளியின் வேலை, ஆயுள் முழுதும் மருந்து |
| டேஸ் (தொடை வழியாக மருந்து) | பல கட்டி, அல்லது வெட்டவோ சுடவோ முடியாதது; சிரைக்குள் புகாதது | இரண்டு மூன்று நாள் | பல சுற்று |
| மாத்திரை, ஊசி | பரவியது, சிரைக்குள் புகுந்தது | வந்து போகலாம் | பக்கவிளைவு, மாதாமாதம் செலவு |

## வெட்டி எடுப்பது

கல்லீரல் வளரக்கூடிய உறுப்பு. ஆரோக்கியமானதில் முக்கால் பங்கு வரை எடுத்தாலும் மிச்சம் சமாளித்து வளர்ந்துவிடும். சிரோசிஸ் வந்த கல்லீரலில் அந்தச் சலுகை கிடையாது. ஐந்தில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும் என்று பார்ப்பார்கள். மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போய், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் அறுவை நிபுணர் தயங்குவார். அவர் தயங்கினால் "கை நடுங்குகிறது, வேறு டாக்டரைப் பார்க்கலாம்" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். தயங்கத் தெரிந்தவரிடம் நான் நம்பிப் போவேன்.

ஹெபடைடிஸ் பி இருந்தும் சிரோசிஸ் இன்னும் வராதவருக்கு வந்த ஒற்றைக் கட்டி பெரிதாகவே இருந்தாலும், இதுவே சிறந்த வழி. குறை என்னவென்றால் கட்டி போகும், கட்டியை விளைவித்த நிலம் அங்கேயே இருக்கும். அறுவை முடிந்தவர்களில் பாதிக்கு மேல், எழுபது சதவீதம் வரைக்கும், ஐந்து வருடத்துக்குள் மறுபடி கட்டி காண்கிறது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரண்டாவது கட்டி தெரியும்போது வீட்டில் பழி போட ஆள் தேடுகிறார்கள்.

## சுடுவது

ஊசியைத் தோல் வழியாகக் கட்டிக்குள் செலுத்தி ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ வேக வைப்பது. ஆர்.எஃப்.ஏ. என்று எழுதியிருப்பார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டியில் இது அறுவைக்கு நிகர் என்றே சொல்லலாம். மூன்றைத் தாண்டினால் ஓரத்தில் உயிருள்ள செல் மிச்சம் நிற்க வாய்ப்பு கூடும். பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய கட்டியில் ஓடும் ரத்தமே சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்; பித்தக்குழாய், குடல் பக்கத்தில் இருந்தால் அவை வெந்துவிடும் அபாயம். அப்படிப்பட்ட இடங்களுக்குச் சில சிட்டிங்கில் முடியும் துல்லியக் கதிர்வீச்சு இப்போது ஒரு மாற்றாக இருக்கிறது.

சைல்ட் ஏ, சின்னக் கட்டி, வயதானவர், இதய நோயும் உண்டு என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

## கல்லீரலையே மாற்றுவது

சித்தப்பாவின் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு நோயையும் ஒரே அடியில் தீர்ப்பது இது ஒன்றுதான். ஆனால் எல்லாக் கட்டிக்கும் இல்லை. 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் ஒரு வரம்பு வகுத்தார்கள்: ஒரே கட்டி என்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் மூன்றுக்குள், ரத்தக்குழாயில் புகாமல் இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் மாற்று செய்தவர்களில் சுமார் எழுபது சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். வரம்பை ஓரளவு தளர்த்தும் மையங்களும் உண்டு. ஆனால் புற்று வெளியே பரவியிருந்தால் எந்த நல்ல மையமும் செய்யாது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். பரவிய புற்றுக்கு அது தீனி.

கல்லீரல் எங்கிருந்து வரும்? மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து என்றால் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் பதிந்து காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது கட்டி வரம்பைத் தாண்டாமல் இருக்க இடையில் டேஸோ சுடுதலோ செய்து வைப்பார்கள். உயிரோடிருப்பவர் கொடுப்பதென்றால் மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று நெருங்கிய சொந்தம். மற்றவர்கள் கொடுக்க அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். கொடுக்கும் மகனும் பெரிய ஆபரேஷனுக்கு உட்படுகிறான். அவனுக்கு உயிராபத்து மிகக் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. லோடு ஏற்றும் வேலை, ஓட்டுநர் வேலை என்றால் இரண்டு மூன்று மாதம் வருமானம் நிற்கும். கொடுக்கத் தயாராக வரும் பிள்ளைகள் கொழுப்புக் கல்லீரல் என்று சோதனையிலேயே தள்ளப்படுவதும் அடிக்கடி நடப்பதுதான். வீட்டில் யார் கொடுப்பது என்ற பேச்சு மருமகள்மேல் போய் விழும் கொடுமையும் உண்டு. கொடுக்க மனமில்லாதவர், கொடையாளிக்கான தனி ஆலோசனையில் மருத்துவரிடம் ரகசியமாகச் சொல்லிவிடலாம். "பொருந்தவில்லை" என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லும் வழக்கம் உண்டு.

தனியாரில் இது இருபது லட்சம் ரூபாய் அளவில் போகும் காரியம். அதற்கு மேல், நோய் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரை ஆயுள் முழுதும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றுக்கும் இடமுண்டு. அரசு மருத்துவமனையில் என்றால் சென்னை ஸ்டான்லியின் பெயர்தான் முதலில் வரும். நிலத்தை விற்பதற்கு முன் அங்கே ஒரு முறை போய்க் கேட்டுவிடுங்கள்.

## டேஸ்: தொடை வழியாக மருந்து

கட்டி தமனியில்தான் வாழ்கிறது என்றேன் அல்லவா, அதைப் பயன்படுத்தும் வழி இது. தொடை இடுக்குத் தமனியில் மெல்லிய குழாயை நுழைத்துக் கட்டிக்குப் போகும் கிளை வரை கொண்டுபோய்ப் புற்று மருந்தைச் செலுத்தி, அந்தக் கிளையை அடைத்துவிடுகிறார்கள். கட்டி பட்டினி கிடக்கும்; மிச்சக் கல்லீரல் போர்ட்டல் சிரை ரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். போர்ட்டல் சிரையே அடைபட்டிருந்தாலோ, வயிற்றில் நீர் கோத்து மஞ்சள் ஏறியிருந்தாலோ பொதுவாக இதைச் செய்ய மாட்டார்கள். காரணம் இப்போது உங்களுக்கே புரியும்.

செய்த பின் காலை மடக்காமல் சில மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் காய்ச்சல், வலது விலாவில் வலி, வாந்தி வரலாம். கட்டி சாகும்போது வரும் எதிர்வினை அது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் விடாமல் குளிரோடு அடித்தாலோ மஞ்சள் ஏறினாலோ உடனே திரும்பிப் போக வேண்டும். ஒரு சுற்றில் முடிவது அரிது. நாலைந்து வாரம் கழித்து ஸ்கேன், பிறகு தேவைப்பட்டால் அடுத்தது. இது பெரும்பாலும் நோயைக் கட்டுக்குள் வைப்பது, வேரோடு பிடுங்குவது இல்லை. ஒரு முறைக்கான பில்லை மாற்று அறுவையின் பில்லோடு ஒப்பிட்டு "இது மலிவு" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

## மாத்திரையும் ஊசியும்

கட்டி சிரைக்குள் புகுந்துவிட்டது, அல்லது வெளியே போய்விட்டது. அப்போது சோராஃபெனிப், லென்வாடினிப் மாத்திரைகள், அல்லது அடிசோலிசுமாப்–பெவாசிசுமாப் என்ற ஊசி இணை. 2008இல் வெளிவந்த ஆய்வில் மருந்தில்லாதவர்களில் பாதிப் பேர் 7.9 மாதம் தாண்டினார்கள். சோராஃபெனிப் எடுத்தவர்களில் பாதிப் பேர் 10.7 மாதம். பின்னால் வந்த இன்னோர் ஆய்வில் ஊசி இணை அதைச் சுமார் 19 மாதம் வரை கொண்டுபோனது. இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சைல்ட் ஏ என்பதை மறக்கக் கூடாது.

சோராஃபெனிப் இன்று நம் கைக்கு எட்டுவதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. பேயர் நிறுவனம் மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்ற மருந்தை, 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமை ஒருவரிடம் இருந்தும் இன்னொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) மூலம் மாதம் 9,000 ரூபாய்க்குள் விற்க ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு வழி கிடைத்தது. ஊசி இணையோ மூன்று வாரத்துக்கு ஒரு முறை, இன்னும் லட்சக் கணக்குதான். அதற்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து புடைத்த ரத்தக்குழாய்களைப் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்த வாந்தி அபாயம்.

மாத்திரைதானே, லேசு என்று எண்ண வேண்டாம். சோராஃபெனிப் உள்ளங்கை, உள்ளங்காலைச் சிவக்க வைத்துத் தோலுரிக்கும். ஆம்பூரில் ஷூ மேற்புறம் தைக்கும் ஒருவருக்கு ஊசி பிடிக்கும் விரல் வெடித்தால் வேலை போனது போலத்தான். முதல் நாளிலிருந்தே யூரியா கிரீம் தடவி, மெத்தென்ற செருப்புப் போட்டு, வெடிப்பு ஆரம்பித்ததும் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தொடர முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு மருந்தையே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். லென்வாடினிப்பில் பி.பி. ஏறும், வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

## எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு வழி

சைல்ட் சி, படுத்த படுக்கை, மாற்றுக்கும் வாய்ப்பில்லை என்றால் கட்டிக்கு வைத்தியம் செய்யாமல் வலியையும் மூச்சிரைப்பையும் வயிற்று நீரையும் கவனிப்பதே நல்ல மருத்துவம். இதைக் கைவிடுதல் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். மார்ஃபினை அளவாகக் கொடுக்கத் தெரிந்த வலி தணிப்புப் பிரிவைத் தேடிப் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மட்டும் வேண்டாம். சிரோசிஸில் அவை கிட்னியை முடக்கும், ரத்தக்கசிவும் வரும்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அது உதவுகிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. புற்றுக்கட்டியைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. பெயர் தெரியாத சூரணம், பஸ்பம் எதையும் கெட்ட கல்லீரலின் மேல் ஏற்றாதீர்கள்.

## வேலூரா, சென்னையா

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்தில் இருப்பது நமக்குள்ள அதிர்ஷ்டம். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களைப் பார்த்தால் தெரியும், இரவு வீட்டுக்குப் போய்ப் படுப்பது எவ்வளவு பெரிய சேமிப்பு என்று. கல்லீரல் மருத்துவர், அறுவை நிபுணர், ரேடியாலஜி, புற்று மருத்துவர் நால்வரும் சேர்ந்து ஒரே நோயாளியைப் பேசி முடிவெடுக்கும் இடம்தான் இந்த நோய்க்கு வேண்டும். எங்கே போனாலும் அதைக் கேளுங்கள். சி.எம்.சி. சீட்டில் எந்த வளாகம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஊருக்குள் ஐடா ஸ்கடர் ரோட்டில் ஒன்று, நெடுஞ்சாலையில் ரத்தினகிரிப் பக்கம் ராணிப்பேட்டை வளாகம் இன்னொன்று. வயிறு வீங்கிய ஆளை வைத்துக்கொண்டு தவறான வாசலில் நிற்க வேண்டாம்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் முதல் சோதனைகளையும் வயிற்று நீர் எடுப்பதையும் செலவின்றிப் பார்த்துக்கொள்ளலாம். சென்னைக்குப் போவது மாற்று அறுவைக்காக, அல்லது இரண்டாம் கருத்துக்காக என்றால் சரி. வாராவாரம் காட்பாடியில் ரயிலேற வேண்டிய வைத்தியத்துக்கு அங்கே போவதில் லாபம் குறைவு. காப்பீட்டு அட்டை இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட சிகிச்சை அந்தக் குறிப்பிட்ட மருத்துவமனையில் வருமா என்று அட்மிஷனுக்கு முன் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். அட்மிஷன் ஆன பிறகு கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

குடியாத்தத்துப் பெண்ணின் அப்பாவுக்குச் சைல்ட் ஏ, பிளேட்லெட் குறைவு, ஹெபடைடிஸ் பி. பிளேட்லெட் குறைவால் வெட்டத் தயக்கம்; நாலு சென்டிமீட்டர் சுடுவதற்குப் பெரிது, ஆனால் மிலான் வரம்புக்குள் அடங்கும். மாற்றுக்குத் தகுதியுண்டா என்று ஒரு முறை மதிப்பிட்டுவிட்டு, கொடையாளி இல்லையென்றால் டேஸ் என்பதுதான் நானாக இருந்தால் மருத்துவரிடம் வைக்கும் கேள்வி. எந்த வழியில் போனாலும் ஹெபடைடிஸ் பி மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. விட்டால் கிருமி மறுபடி கிளம்பிக் கல்லீரலை முடித்துவிடும்.

அந்தக் குடும்பத்துக்கு இந்த வாரமே செய்ய இன்னொரு வேலை இருக்கிறது. அவருடைய மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும், ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் இந்தச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கிருமி இல்லாதவர்கள், ஏற்கெனவே தடுப்பூசி போடாதவர்களாக இருந்தால், இப்போது ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். கிருமி இருக்கிறவர்கள் கல்லீரல் மருத்துவரைப் பார்த்து, மருந்து வேண்டுமா, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.